மிச்சக் கடதாசிக் கட்டு

ஊரிலே முந்நூற்றிநாலு அடித்தவர்களே, இங்கே பிள்ளைகள் விளையாடும் ‘மஜிக்’ வேறுவிதம். 1993இல் வந்த ஆட்டம். ஒரு கட்டை எல்லோருக்கும் பகிர்வதில்லை. அவரவர் தாமே சேர்த்த 60 கடதாசியோடு வரவேண்டும். 2013இல் இதன் பெரிய சர்வதேசப் போட்டியொன்று நமது மொன்றியலிலேயே நடந்தது.

போன மாதம் மகனை ஒரு கடைப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். தோழர்கள் தந்த மிச்சங்களால் ஆன கட்டு. ஏறக்குறைய 24 இருக்கவேண்டிய நிலக் கடதாசி 15தான். நிலமில்லாமல் மிருகங்களை இறக்க முடியாதாம். மூன்று சுற்றும் தோல்வி. (நிலக் கடதாசிதான் எல்லாவற்றிலும் மலிவு, எங்களுக்குத் தெரியவில்லை!)

கடைசியில் வென்ற பெடியனே கட்டை விரித்து, எதைக் கழிப்பதென்று பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தான். பிரெஞ்சு பேச வெட்கப்படும் என் பிள்ளை அரைமணி நேரம் அவனோடு வாதாடினான். பஸ்ஸில் வரும்போது, அடுத்த சனி எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டான்.