உயிரியலைக் கணிதத்திடமிருந்து பிரித்தது யார்?

நமது உயர்தர வகுப்பில் ஒரு சுவர் நிற்கிறது. உயிரியற் பிரிவை நாடும் மாணவன் சாதாரண தரப் பரீட்சையோடு கணிதபாடத்துக்கு விடைகொடுக்கிறான். கணிதப் பிரிவினன் உயிரியலைத் திரும்பியும் பாரான். இச்சுவரை இயற்கையா எழுப்பிற்று? இல்லை; பாடவிதானம் எழுப்பிற்று.

இதனால் விளையும் கேடு யாது? மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். மாத்தளையின் வடபால் தம்புள்ளைப் புறம் நெடுங்காலம் அந்நோயை அறிந்த மண். 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேரே. நோய் தொலைந்ததென்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று.

நுளம்பின் படத்தை வரைந்து உறுப்புகளைக் குறித்த மாணவனுக்குப் புள்ளி கிடைக்கிறது. ஆனால், 17 எவ்வாறு ஐந்து இலட்சமாயிற்று? படம் விடை கூறாது, கணக்குக் கூறும். ஒரு நோயாளனிடமிருந்து இருவருக்குத் தொற்றினால், பதினைந்தாவது இரட்டிப்பில் 17 என்பது 5,57,056 ஆகிவிடும். இருவரிடமிருந்து ஒருவருக்கே தொற்றினால், அதே 17 விரைவில் அற்றுப்போகும். நுளம்பே மலேரியாவைக் காவுகிறதென 1897 இல் கண்ட ரொனால்ட் ரோஸ், இவ்வுண்மையையும் கணிதத்தால் நிறுவினார்: நுளம்பின் தொகையை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினாற் போதும், ஒன்றுவிடாமற் கொல்ல வேண்டியதில்லை.

“தோட்டப் பாடசாலையிற் கணினி ஏது?” என்பர் சிலர். ஆறுமுகத் தாயக்கட்டையும் வெண்கட்டியும் போதுமே! ஒரு மாணவன் நோயாளனாக எழுந்து உருட்டட்டும். ஒன்றுக்கு மேல் விழுந்தால் இருவருக்குத் தொற்று. உருட்டியவன் குணமாகி அமர்வான். தொற்றியவர்கள் அடுத்து உருட்டட்டும். பின்னர், ஐந்துக்கு மேல் விழுந்தால் மட்டுமே தொற்று என விதியை மாற்றுங்கள். முன்னது பெரும்பாலும் வகுப்பெங்கும் பரவும். பின்னது விரைவில் அணையும். சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் கரும்பலகையில் வரைந்தால், அதுவே கணித மாதிரி.

“மனித வாழ்வு எண்ணுக்குள் அடங்குமா?” என்பர் வேறு சிலர். அடங்காது, ஆதலாற்றான் கணக்கைக் கற்க வேண்டும். மாதிரியை ஆக்கியவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார்? லயத்து அறைகளின் நெருக்கத்தையும், தூர்ந்த வடிகானையும் எண்ணினாரா? கணிதமறியாதவன் இவ்வினாவை எழுப்ப மாட்டான்; அதிகாரி நீட்டும் புள்ளிவிபரத்துக்குத் தலை வணங்குவான்.

2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. டெங்கு இன்னும் போகவில்லை. ஆசிரிய நண்பர்களே, பாடவிதானம் மாறும்வரை காத்திருப்பானேன்? கணித ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் வாரம் ஒரு பாடவேளையேனும் ஒரே வகுப்பில் நிற்கட்டும். சுவர் அங்கே இடியத் தொடங்கும்.