புலிக்குப் பிறந்தால் போதுமா?

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்பார்கள். ஆகும்! பழக்காவிட்டால் பூனைதான் ஆகும்.

தென்காசிக் குடும்பம் ஒன்றைப் பாருங்கள். டி. கே. ராமநாதன் டென்னிஸ் ஆட்டக்காரர். மகன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவரே. 1954-ல் லண்டன் விம்பிள்டனில் கிருஷ்ணன் சிறுவர் பட்டம் பெற்றார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர்கள் போட்டியில் அரை இறுதி வரை சென்றார்.

பிறகு கிருஷ்ணன் தன் மகன் ரமேஷைப் பழக்கினார். 25 ஆண்டு கழித்து, 1979-ல் அதே சிறுவர் பட்டம் ரமேஷுக்குக் கிடைத்தது! டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் 1966-ல் தந்தை ஆடினார். 1987-ல் மகன் ஆடினார். ஆட்டத்தைத் தொழிலாக்க வந்த அழைப்பைத் தந்தை மறுத்தார். மகனோ அதையே தொழிலாகக் கொண்டார்.

இருவர் பந்திலும் இடி வேகம் இல்லை. எதிராளி நிற்காத இடம் பார்த்துப் பந்தைப் போட்டார்கள். இது ரத்தத்தில் வருமா? வராது. நாள் தவறாத பயிற்சியில் வருவது.

குற்றால அருவி எல்லோர் தலையிலும் விழுகிறது. அங்கே ஏழை, பணக்காரன் என்ற பேதம் இல்லை. விளையாட்டு மட்டும் வசதி உள்ள வீட்டுக்கே சொந்தமா? மட்டை வாங்க முடியாத அப்பா மகனுக்கு என்ன கொடுப்பார்?

அந்தப் பிள்ளைக்கு ஊர்தான் அப்பா. மாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த மைதானம் வேண்டும். சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்புறம் பாருங்கள், எந்தக் குடிசையிலிருந்தும் ஒரு புலி கிளம்பும்!