பணிப்பதிவேட்டில் ஏறாத பணி

திறமூல (ஓப்பன் சோர்ஸ்) திட்டமொன்றில் மென்பொருள் பொறியாளர் செய்யும் வேலையை உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் சம்பளம் வாங்கும் நிறுவனத்தின் பணிப்பதிவேட்டில் மட்டும் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. டிரெய்னி, சீனியர் என்ஜினியர், டீம் லீட், ஆர்க்கிடெக்ட் என்று நிறுவனங்கள் வைத்திருக்கும் படிகள், ஒருவர் எத்தனை ஆண்டு பணியில் இருந்தார், அவருக்குக் கீழே எத்தனை பேர் என்பதைச் சொல்கின்றன. அவர் எழுதிய நிரலை முன்பின் அறியாத ஒருவர் வரிவரியாகப் படித்து, குறை சொல்லி, திருத்தி வாங்கி, கடைசியில் நம்பித் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டாரா என்பதை அவை சொல்வதில்லை. திறமூல உலகின் மைல்கற்கள் இந்த நம்பிக்கை வளர்ந்த கட்டங்களைக் குறிக்கின்றன. ஒரு பொறியாளரின் தொழில் வரலாற்றில் முதலில் எண்ணப்பட வேண்டியவையும் அவையே.

வடசென்னையிலிருந்து இத்துறைக்கு வருவோருக்கு இதில் கூடுதல் பொருள் உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட், திருவொற்றியூரின் என்ஃபீல்ட் ஆலை, துறைமுகப் பணிமனைகள் ஆகியவற்றில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் ஆகியோரின் திறமைக்கு அவர்கள் முடித்துக் கொடுத்த உருப்படியே சான்று. தகவல் தொழில்நுட்பமோ நகரின் தென்கோடியில் குடியேறியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டபின் வேலைவாய்ப்பு பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்துக்கொண்டு சிறுசேரிவரை போய்விட்டது. அந்த வாசல்களில் கல்லூரியின் பெயரும் ஆங்கிலப் பேச்சும் முதலில் கவனிக்கப்படுகின்றன. திறமூலத் திட்டத்துக்கு எழுத்தில் ஓரளவு ஆங்கிலம் போதும். கல்லூரிப் பெயர் தேவையே இல்லை. இராயபுரத்திலிருந்து போன திருத்தமும் பெர்லினிலிருந்து வந்த திருத்தமும் ஒரே சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மூல நிரல் முழுவதும் திறந்திருந்த ஓர் இயங்குதளம் அரசுப் பள்ளி மாணவர் கைக்கே வந்து சேர்ந்தது பெரிய காரியம். அதைத் திறந்து பார்க்கக் கற்றுத்தரும் ஏற்பாடும் கூடவே வந்திருக்க வேண்டும்.

திறமூலப் பணியில் முதல் படி வழுவறிக்கை. எந்தப் பதிப்பு, எந்தச் சூழல், என்ன செய்தபோது பிழை வந்தது, எதிர்பார்த்தது என்ன என்று இன்னொருவர் அதே பிழையைத் தன் கணினியில் வரவழைக்கும்படி எழுதுவது தனித்திறமை. அடுத்தது சிறு திருத்தம், அதற்கான சோதனை, ஆவணம். 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் போன்றவை இந்தக் கட்டத்தில் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன.

மூன்றாவது கட்டம்தான் பொறியாளரை உண்மையில் உருவாக்குகிறது: யாரும் கவனிக்காத ஒரு சிக்கலை அடிவரை போய்த் தீர்த்து, தீர்வைப் பிறரும் எடுத்துக்கொள்ளும் நிரல் நூலகமாக ஆக்குவது. பைத்தானில் எழுதப்பட்ட ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் இதற்கு நல்ல சான்று. தமிழிலேயே நிரல் எழுதுவதற்கான ‘எழில்’ மொழியைப் பற்றி 2009-ல் ஆர்க்கைவ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் கட்டுரை வெளியிட்ட முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் இதை வளர்த்தனர். இது தொடும் சிக்கல் எளியதுபோலத் தோன்றும். ‘எழில்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. தமிழ் படித்தவருக்கு அது 3 எழுத்து. யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண் இருப்பதே காரணம். எழுத்தெண்ணிக்கை, சொல்லைத் திருப்பி எழுதுதல், குறிப்பிட்ட நீளத்தில் வெட்டுதல் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாகப் பிழையாகின்றன. படிவத்தின் கட்டத்துக்குள் பெயர் அடங்கவில்லை என்று நிரல் வெட்டும்போது மெய்யின் புள்ளி போய், ‘முருகன்’ என்ற பெயர் ‘முருகன’ என்று அச்சாகிறது.

சிக்கல் அதோடு நிற்பதில்லை. ‘கொ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. நேரடி ஒப்பீட்டில் வேறு. யூனிகோட் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாகப் பலர் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள்; அதை இயல்பாக்கம் தொடாது. ‘ஸ்ரீ’யும் இருவகையாகச் சேமிக்கப்படுகிறது. வரிசைப்படுத்தலில், குறியெண் வரிசையை அப்படியே நம்பினால் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து பகரத்துக்கு முன்னால் நின்றுவிடும். நெடுங்கணக்கில் அதன் இடம் கடைசி. வாக்காளர் பட்டியல், நூலக அட்டவணை, மருத்துவமனைப் பதிவு என்று பெயர் தேடும் எந்தச் செயலியையும் இவை பாதிக்கும். ஒவ்வொரு நிறுவனமும் இவற்றைத் தனித்தனியே கண்டுபிடித்து, தனித்தனியே அரைகுறையாகத் தீர்ப்பது வீண் உழைப்பு. ஒருமுறை திறந்த வெளியில் தீர்க்கப்பட்டு, சோதனைகளோடு வைக்கப்பட்ட தீர்வு பத்துப் பதவி உயர்வுகளைவிடப் பெரிய சாதனை.

தரவு சார்ந்த திட்டங்களையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் வரையவும் எடுத்துப் பயன்படுத்தவும் கூடிய உலக வரைபடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, வரைபடப் பொறியாளர் அருண் கணேஷ் முன்னின்று உருவாக்கிய இணைய வரைபடத்தில் நீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். அது அவ்வளவு விரைவில் எழுந்ததற்குக் காரணம், தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததுதான். வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டுகளில் பெயர் தெரியாத பலர் பொறுமையாகச் செய்த வேலை அது. காசிமேட்டுச் சந்துகளும் எண்ணூர்க் குப்பங்களும் தரமணிச் சாலைகளைப் போலவே நுணுக்கமாக வரையப்பட்டால்தான் அடுத்த பேரிடரில் மீட்புப் படகு சரியான வாசலுக்குப் போகும்.

இவ்வட்டார வரைபடங்களில் இன்னொரு தேவையும் உண்டு. திருவொற்றியூரை ஆங்கிலத்தில் எழுத ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. 2020 ஜூனில் தண்டையார்பேட்டை உட்பட 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி வந்த அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. முகவரி தேடும் நிரல் இத்தனை வடிவங்களையும் தாங்க வேண்டும்; தமிழ்ப் பெயரைத் தனிப் புலத்தில் ஏற்றிவைத்துத் தேடலை அதனோடு இணைப்பதே உறுதியான வழி.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இன்னும் கனமானது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தில் அது நீர்ப்பரப்பு. அதற்கு முரணாக, கழிமுகம் இல்லாத வரைபடமும் அரசுத் தரப்பிலிருந்தே கிடைத்தது 2017 வாக்கில் பெரும் விவாதமாயிற்று. திறந்த வரைபடத்திலும் தவறு நேரும், வேண்டுமென்றே அழிப்பதும் நடக்கும். ஆனால் எந்தக் கணக்கு, எந்தத் தேதியில், எதை அழித்தது என்ற வரலாறு அங்கே நிற்கிறது. முந்தைய நிலையை மீட்க முடிகிறது. பதிப்பு வரலாற்றைக் காப்பது பொறியியல் ஒழுக்கம் மட்டுமன்று, சில ஊர்களுக்கு வாழ்வாதாரப் பாதுகாப்பு.

அடுத்த கட்டம் பராமரிப்பு. புதியது எழுதுவதைவிடக் கடினமான இப்பணிக்குக் கைதட்டல் மிகக் குறைவு. வரும் திருத்தங்களைப் படிப்பது, மறுப்பதைக் காரணத்தோடு மறுப்பது, பதிப்பு வெளியிடுவது, பழைய பயனர்களைக் கைவிடாமலிருப்பது எல்லாம் இதில் அடங்கும். இது ஒருவர் தலையில் மட்டும் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எக்ஸ்இசட் காட்டியது. ஏராளமான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் இந்தச் சுருக்கக் கருவியை நீண்டகாலம் ஏறத்தாழத் தனியாகப் பராமரித்தவர் களைத்திருந்த காலத்தில், புனைபெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகிப் பின்கதவு ஒன்றைச் செருகினார். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். ஆகவே, தன்னிடமிருந்து திட்டத்தை இன்னொருவரிடம் ஆய்ந்து ஒப்படைப்பதும் ஒரு மைல்கல்லே. தற்குறிப்புகளில் அது அரிதாகவே இடம்பெறுகிறது, இடம்பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் மதிப்பிடும்போது திட்டத்துக்குப் பயனர்கள் இடும் நட்சத்திரக் குறிகளையும் கமிட் (பதிவான மாற்றம்) எண்ணிக்கையையும் அப்ரைசலில் நிரப்புவது பயனற்றது. இரண்டையும் செயற்கையாகப் பெருக்க முடியும். ஏற்கப்பட்ட திருத்தம், செய்த மறுஆய்வு, முன்னின்று வெளியிட்ட பதிப்பு, எழுதிய ஆவணம், பழக்கிவிட்ட புதியவர்கள் ஆகியவற்றுக்குப் பொதுவெளியில் நேரடிச் சான்று உண்டு. திறமூலக் கருவிகளின் மேல் தொழில் நடத்தும் நிறுவனங்கள் இவற்றைப் பணியாகக் கணக்கில் எடுப்பது நியாயம்.

சட்டத்தையும் பொறியாளர் அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படுகிறது. அதன் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பணியின்போது உருவான படைப்பின் முதல் உரிமையாளர் நிறுவனமே. பல பணி ஒப்பந்தங்கள் அலுவல் நேரத்துக்கு வெளியே எழுதியதையும் வளைத்துப் போடுகின்றன. உரிமையில்லாத நிரலைத் திறமூலத் திட்டத்துக்குக் கொடுத்தால், அத்திட்டமே பின்னாளில் சிக்கலில் மாட்டும். எனவே முதல் திருத்தத்தை அனுப்புவதற்கு முன்பே எழுத்துமூலம் அனுமதி பெறுவது நல்லது. திட்டத்தின் பெயர், அதன் உரிமம், பணி நேரத்துக்குள்ளா வெளியிலா, நிறுவனக் கணினியிலா சொந்தக் கணினியிலா என்ற விவரங்களும் தேதியும் கையொப்பமும் அக்கடிதத்தில் இருக்க வேண்டும்.