பொது விடுமுறையும் பொது நினைவும்

புத்தாண்டு பிறக்கும் முன்னரே அடுத்த ஆண்டின் நாட்காட்டி நம் வீட்டுச் சுவருக்கு வந்துவிடுகின்றது. அதைக் கையிலெடுத்தவுடன் நம்மிற் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, சிவப்பெழுத்துக்களை எண்ணுவதாகும். எத்தனை விடுமுறைகள் ஞாயிறில் விழுந்து வீணாகின்றன, எத்தனை வெள்ளியிலும் திங்களிலும் வந்து நம்மை வாழவைக்கின்றன என்று கணக்குப் பார்க்கின்றோம். கந்தோர் உத்தியோகத்தருக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் இக்கணக்குப் பொது. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். அதைத் தரும் நாள் எந்நாளாயினும் அவனுக்கு நன்னாளே.

ஆயினும் அச்சிவப்பெழுத்துக்களை வேறொரு கண்கொண்டும் பார்க்கலாம். ஒரு நாட்டின் விடுமுறைப் பட்டியல், அந்நாடு தன்னைப்பற்றித் தானே எழுதிவைத்த சுயசரிதை எனலாம். இன்ன நாளில் எல்லோரும் வேலையை நிறுத்துக என்று அரசு வர்த்தமானியில் அறிவிக்கும்பொழுது, இன்னதை எல்லோரும் நினைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அறிவிக்கின்றது. சிக்கல் அங்கேதான் தோன்றுகின்றது. ஒருவன் வெற்றி கண்ட நாளில் இன்னொருவன் தோல்வி கண்டிருப்பான். இருவரும் ஒரே நாட்டின் குடிகளாயின், அந்த நாளைப் பொது விடுமுறை என்று அழைப்பதற்குப் பொருள் யாது? இக்கேள்விக்கு உலக நாடுகள் சில கூறியுள்ள விடைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

முதலில் தென்னாபிரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1838ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், என்கோமே என்னும் ஆற்றங்கரையில், போயர் குடியேற்றவாதிகளுக்கும் சூலு மக்களுக்கும் இடையே பெரும்போர் மூண்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் சூலு மன்னன் டிங்கானே, நிலங்கேட்டு வந்த போயர் தலைவன் ஒருவனையும் அவன் கூட்டத்தாரையும் கொல்வித்திருந்தான். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட போயர், தமது மாட்டு வண்டிகளை அரணாக நிறுத்தித் துப்பாக்கிகளோடு உள்ளே நின்றனர். ஈட்டியேந்தி வந்த சூலு வீரருள் ஏறத்தாழ மூவாயிரவர் மாண்டனர். போயர் பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. ஆற்று நீர் சிவந்தமையால் வென்றவர்கள் அதற்கு 'இரத்த ஆறு' என்று பெயரிட்டனர். கடவுள் வெற்றி தருவாராயின் அந்நாளைத் தாமும் தம் சந்ததியாரும் ஆண்டுதோறும் ஓய்வுநாள்போற் கைக்கொள்வதாகப் போருக்கு முன் அவர்கள் நேர்ந்திருந்தனர். 1910இல் ஒன்றியம் அமைந்தபொழுது அந்த நேர்த்தி நாட்டின் பொது விடுமுறையாயிற்று. முதலில் 'டிங்கானே நாள்' என்றும், 1952 முதல் 'உடன்படிக்கை நாள்' என்றும், 1980 முதல் 'சபத நாள்' என்றும் அது வழங்கப்பட்டது.

கறுப்பின மக்களுக்கு இந்நாள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தம் பாட்டன்மார் மாண்ட நாளைத் தம்மை ஆள்வோர் தெய்வத்தின் தீர்ப்பாகக் கொண்டாட, அவர்கள் கதவடைத்திருக்க வேண்டியிருந்தது. ஆபிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவு தன் முதற் குண்டுகளை வெடிக்கவைக்க 1961 டிசம்பர் 16ஆம் நாளைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. ஒரே தேதியில் இரு சாராரும் இரு வேறு சபதங்களை எடுத்துக்கொண்டனர்.

1994இல் மண்டேலாவின் ஆட்சி வந்தது. புதிய ஆட்சியின் முன் இரண்டு வழிகள் எளிதாயிருந்தன. பழைய நாளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அன்றேல் அதைத் தம் சொந்த வெற்றி நாளாக மாற்றி, நேற்றைய ஆண்டைகளை இன்று கதவடைக்கச் செய்யலாம். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு 'நல்லிணக்க நாள்' என்று அதற்குப் பெயர் சூட்டினர். 1995 டிசம்பர் 16இல் அந்நாள் முதன்முறையாக அப்பெயரில் அனுட்டிக்கப்பட்டது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் முதற்கூட்டத்தை அந்நாளிலேயே கூட்டிற்று. இன்று அந்த ஆற்றின் ஒரு கரையில் வண்டி அரணை உருவமைத்துக் காட்டும் பழைய நினைவிடம் இருக்கின்றது. மறுகரையில் சூலுப் படையின் எருமைக்கொம்பு வியூகத்தின் வடிவிலே கட்டிய நூதனசாலை இருக்கின்றது. இரண்டையும் இணைக்கும் பாலம் 2014இலேதான் திறக்கப்பட்டது. பெயரை மாற்ற ஒரு சட்டம் போதும். ஆற்றைக் கடக்க இருபதாண்டுகள் செல்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. நல்லிணக்க நாள் தென்னாபிரிக்காவின் ஏழைக்கு நிலம் கொடுத்துவிடவில்லை; செல்வரும் வறியரும் இன்னும் அங்கே நிறத்தாற் பெரிதும் பிரிந்தே வாழ்கின்றனர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சபத நாள் என்று கொண்டாடிய அரசிடம் சூலுமகன் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நல்லிணக்க நாள் என்று கொண்டாடும் அரசிடம் 'இணக்கம் எங்கே?' என்று ஆண்டுதோறும் கேட்க அவனுக்கு உரிமையுண்டு. வர்த்தமானியில் அச்சிட்ட சொல் அவன் கையிற் கடன்பத்திரமாகின்றது.

இதற்கு நேர்மாறானது அவுஸ்திரேலியாவின் கதை. 1788 ஜனவரி 26இல் கப்டன் ஆதர் பிலிப் சிட்னித் துறையில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அந்நாளே இன்றும் அந்நாட்டின் தேசிய தினம். 1994 முதல் எல்லா மாநிலங்களும் அதே தேதியில் ஒருமிக்க விடுமுறை விடுகின்றன. ஆனால் 1938இல், நூற்றைம்பதாம் ஆண்டு விழா ஊர்வலம் சிட்னி வீதிகளிற் சென்றுகொண்டிருந்த அதே நாளில், அந்நகரின் மண்டபமொன்றில் முதற்குடி மக்கள் கூடித் துக்க தினம் அனுட்டித்தனர். அன்று தொட்டு இன்றுவரை ஜனவரி 26 வரும்போதெல்லாம் அங்கே இரண்டு ஊர்வலங்கள். கடற்கரையில் இறைச்சி வாட்டி உண்டு களிக்கும் குடும்பத்தவர் எவரையும் புண்படுத்த எண்ணுவதில்லை என்பது மெய்யே. எனினும், புண்படுத்தும் எண்ணம் இல்லாமலே ஒருவர் காலை மிதித்துக்கொண்டு நிற்க முடியும். மிதிபட்டவர் சொன்ன பின்னும் காலை எடுக்காதிருப்பதற்கு நியாயம் தேடுவது கடினம்.

ஆயினும், இத்தகைய வழக்குகள் எல்லாம் வெள்ளை, கறுப்பு என்று தெளிவாகத் தீர்ந்துவிடுவன அல்ல. அமெரிக்காவிலே கொலம்பஸ் நாள் என்றொரு விடுமுறை உண்டு. முதற்குடிகளுக்கு அது நிலமிழந்த நாளின் நினைவு. ஆனால் அவ்விழா வளர்ந்த வரலாற்றிலே மற்றொரு கண்ணீரும் கலந்திருக்கின்றது. 1891இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில் இத்தாலியர் பதினொருவரை ஒரு கும்பல் கொன்றது. அடுத்த ஆண்டு, கொலம்பஸ் கரையிறங்கிய நானூறாவது ஆண்டை நாடெங்கும் கொண்டாடுமாறு சனாதிபதி ஹரிசன் அறிவித்தார். இகழப்பட்ட இத்தாலியக் குடியேறிகள் 'நாமும் இந்நாட்டவரே' என்று தலைநிமிர்த்த அந்நாளைப் பற்றிக்கொண்டனர். ஒருவருக்கு ஆறுதலாய் வளர்ந்த நாள் இன்னொருவருக்கு முள்ளாயிருந்தது. 1992இல் பேர்க்லி நகரம் அதனை முதற்குடிகளின் நாளாக மாற்றிற்று. பல மாநிலங்களும் நகரங்களும் பின்தொடர்ந்தன. நாட்டுச் சட்டத்திலோ கொலம்பஸின் பெயரே நிற்கின்றது. இவ்வழக்கிலே ஒரு சாராரை மட்டும் மூடர் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. இத்தாலியரின் மானத்துக்கு வேறொரு நாள் தேடிக் கொடுத்திருந்தால் இப்பூசலிற் பாதி தீர்ந்திருக்கும்.

அதே அமெரிக்காவில் ஜூன் 19 என்னும் நாள் ஒரு பாடம். அடிமைகள் விடுதலை பெற்றார் என்ற பிரகடனம் 1863 ஜனவரி முதலாம் நாளே நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரில் அது படைத்தலைவர் ஒருவராற் பறைசாற்றப்பட்டது 1865 ஜூன் 19இல். இரண்டரை ஆண்டு பிந்தி வந்த அச்செய்தியைக் கறுப்பின மக்கள் தம் வீடுகளிலும் தேவாலயங்களிலும் தாமே கொண்டாடி வந்தனர். நாடு முழுவதற்குமான விடுமுறையாக அது 2021இலேதான் ஏற்கப்பட்டது. மக்கள் காத்துவைத்த நாளை அரசு நூற்றைம்பது ஆண்டுகள் கடந்து கண்டுகொண்டது.

ஜெர்மனியர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். பேர்லின் மதில் வீழ்ந்தது 1989 நவம்பர் 9இல். அந்நாளைத் தேசிய தினமாக்க ஆசைப்படாதவர் யார்? ஆனால் 1938இல் அதே நவம்பர் 9இரவில் அந்நாட்டில் யூதரின் கோயில்களும் கடைகளும் எரிக்கப்பட்டன. அந்த இரவின்மேல் வாணவேடிக்கை விடுவது தகாதெனக் கருதி, இரு ஜெர்மனிகளும் ஒன்றுசேர்ந்த 1990 ஒக்டோபர் 3ஆம் நாளையே விடுமுறையாக்கினர். தன் மகிழ்ச்சியை வேறொரு நாளுக்கு மாற்றிவைக்கத் தெரிந்த நாடு, தன் குற்றத்தை மறவாத நாடு என்று நான் மதிக்கின்றேன்.

வட அயர்லாந்திலே 1690ஆம் ஆண்டுப் போயின் ஆற்றுப் போரின் வெற்றியை ஜூலை 12இற் புரட்டஸ்தாந்தர் பறைமுழக்கிக் கொண்டாடுவர். அது அங்கே பொது விடுமுறை. கத்தோலிக்கர் பெரிதும் போற்றும் புனித பற்றிக் திருநாளும் அங்கே பொது விடுமுறைதான். ஆளுக்கொரு நாள் என்று பங்கிட்டுக் கொடுத்தாயிற்று. ஆயினும் ஜூலை பிறந்தால் பறையொலி கேளாத இடத்துக்குப் பயணம் போகும் குடும்பங்கள் அங்கே உண்டு. விடுமுறைகளைப் பக்கத்திற் பக்கமாக அடுக்குவது வேறு, ஒன்றாக இருந்து நினைப்பது வேறு என்பது இதனாற் புலப்படும்.

வரலாற்றின் நாட்கள் பிரிக்கும் இடத்தில் வானத்தின் நாட்கள் சேர்த்துவைப்பதும் உண்டு. நியூசிலாந்தில், 1840 பெப்ரவரி 6இல் ஆங்கில முடியும் மாவோரித் தலைவரும் செய்த வைற்றாங்கி ஒப்பந்தத்தின் நினைவாக 1974 முதல் நாடளாவிய விடுமுறை உண்டு. அவ்வொப்பந்தத்தின் ஆங்கிலப் படியும் மாவோரிப் படியும் ஆட்சியுரிமைபற்றி ஒன்றையே சொல்லவில்லை. ஆதலால் அந்நாள் வாதத்தின் நாளாகவே கழிகின்றது. ஆனால் 2022இல் அந்நாடு மற்றொரு விடுமுறையைச் சேர்த்துக்கொண்டது: மாவோரி மக்களின் புத்தாண்டாகிய மாத்தாரிக்கி. தெற்கின் நடுப் பனிக்காலத்தில், விடியற்காலையிற் கீழ்வானத்தில் ஒரு விண்மீன் கூட்டம் மீண்டும் தோன்றுவதைப் பார்த்து, கடந்த ஆண்டில் இறந்தோரின் பெயர்களைச் சொல்லி நினைந்து, பின் விருந்துண்டு மகிழ்வது அதன் மரபு. அந்த விண்மீன் கூட்டம் வேறெதுவுமன்று. நாம் விளக்கேற்றிப் போற்றும் கார்த்திகையே. வெள்ளையரும் மாவோரியரும் அண்ணாந்து பார்க்கும் அம்மீன்களின்மேல் எவருடைய கொடியும் நாட்டப்பட்டதில்லை.

இனி நம் நாட்டைப் பற்றிச் சிறிது. நான்கு சமயத்தாரின் பெருநாட்களும் நம் விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இது சிறிய பெருமையன்று. 1966 முதல் 1971 வரை ஞாயிறை நீக்கிப் போயா தினங்களையே வார விடுமுறையாக்கிப் பார்த்தோம். உலகத்தின் வாரத்தோடு அது ஒத்துவராமல் ஞாயிறு திரும்பிவந்தது. பௌர்ணமி நாட்கள் மட்டும் விடுமுறைகளாய் நிலைத்தன. ஆனால் அப்பட்டியலில் என் மனத்தைக் கவர்வது சித்திரை மாதத்துக்குரிய ஒரு வரி. இரண்டு இனங்களின் பெயரும் அருகருகே ஒரே விடுமுறைக்குச் சூட்டப்பட்டிருப்பது அவ்வொன்றிலேதான். சூரியன் மேடராசியிற் புகுவதை இருவரும் ஒன்றாகக் கணித்தோம். சட்டமும் அதை ஏற்றது.

வானம் கொடுத்த நாளைப் பகிர்ந்த நாம், வரலாறு கொடுத்த நாட்களைப் பகிர இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த நாட்களை நம்முள் ஒரு சாரார் வெற்றியென்றும் ஒரு சாரார் ஆறாத் துயரென்றும் நினைவுகூருகின்றனர். அந்நாட்கள் விடுமுறையாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை இழந்த தாய்மார் வடக்கிலும் உளர், தெற்கிலும் உளர். இருவரும் அஞ்சாமல் விளக்கேற்றவும், ஒருவர் விளக்கை மற்றவர் வந்து பார்க்கவும் கூடிய ஒரு நாள் இந்நாட்டுக்கு வேண்டும் என்றே கேட்கின்றேன். அதற்கு எந்தத் தேதி பொருத்தம் என்பதைப் பெரியோர் கூடி ஆராயட்டும். தென்னாபிரிக்கரைப்போல் பழைய தேதிக்குப் புதுப்பொருள் தரலாம், ஜெர்மனியரைப்போல் தேதியையே ஒதுக்கி வேறொன்றைத் தேடலாம். எவ்வழியாயினும், அத்தேதியைத் தெரிவதில் அந்தத் தாய்மாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நாட்காட்டியைச் சுவரில் மாட்டும்பொழுது, விடுமுறைகளை எண்ணுவதை நான் விடப்போவதில்லை. வாசகர்களும் விட வேண்டியதில்லை. எண்ணி முடித்தபின் ஒவ்வொரு சிவப்பெழுத்தின் எதிரிலும் ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போமாக: இந்நாளிற் கதவடைத்து வீட்டுக்குள் இருக்கும் அயலவர் யார்? ஒருவருமில்லை என்ற விடை வருமாயின், அந்நாள் பொது விடுமுறை என்ற பெயருக்குத் தக்கதே.