வசந்த யாத்திரிகர்களுக்கு

ஐரோப்பிய வசந்தத்தைப் பாடும் நம் பிரயாணக் கட்டுரையாளர்கள் மலர்களில் தொடங்கி மாளிகைகளில் முடிப்பர். அம்மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

வசந்த காலத்தில் நண்பர் ஒருவருடன் பெல்ஜியம் சென்றோம். பிரஸ்ஸல்ஸ் நகரப் பூங்காவொன்றில் மூன்று வாயில்களைக் கொண்ட பெரும் வெற்றி வளைவு நிற்கிறது. 1905 இல் முடிக்கப்பெற்றது. அதற்குரிய செல்வம் கொங்கோவில் உறிஞ்சப்பட்டது. 1885 முதல் 1908 வரை அந்நாடு முழுவதும் இரண்டாம் லியோபோல்ட் மன்னனின் தனிச்சொத்து! காட்டு இறப்பர் குறைந்தால் பெண்களைப் பணயமாய் அடைத்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள், மனிதர்களின் கைகளை வெட்டினார்கள்.

நகரிலிருந்து டிராம் வண்டியில் காட்டினூடே தெர்வூரன் என்னும் சிற்றூரை அடைந்தோம். வழியெங்கும் பீச் மரங்கள் தளிர்த்திருந்தன. அழகுதான், யார் மறுத்தார்? ஆனால், இதே ஊரில்தான் 1897 இல் கொங்கோ மக்கள் 267 பேரைக் கொணர்ந்து, குடிசைகள் அமைத்து, கண்காட்சிப் பொருள்களாக்கினார்கள். எழுவர் மாண்டனர். தேவாலயச் சுவரோரம் அவர்தம் கல்லறைகள் உள்ளன.

"ரசிக்க வந்த இடத்திலும் அரசியலா?" என்றார் நண்பர். அந்த வளைவை எழுப்பியது தோட்டக்காரனா என்று கேட்டோம். அவர் பதிலளிக்கவில்லை.

அவ்வூரின் ஆபிரிக்க நூதனசாலையைப் புதுப்பித்து 2018 இல் திறந்தபோது, பழைய பெருமைக் கதையைத் திருத்திச் சொல்ல பெல்ஜியரே முற்பட்டனர். கொள்ளையடித்த நாட்டவரே கூசும்போது, கொள்ளையடிக்கப்பட்ட கண்டங்களிலிருந்து போகும் நம்மவர் வாய்பிளந்து நிற்பது என்ன ரசனை? அடுத்த வசந்தத்தில் போகிறவர்கள் அந்த ஏழு கல்லறைகளையும் பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.