ஏரிக்கரை வீடு: வட்டியைக் கேட்கிறோம், நிலத்தைக் கேட்பதில்லை

அமைதியான புறநகர், எதிரே ஏரி, காலையில் நாரை, மாலையில் காற்று. தாம்பரத்திற்கும் போரூருக்கும் அப்பால் இப்படிச் சொல்லி விற்கப்படும் மனைகளை நம் குடும்பங்கள் ஆர்வத்தோடு வாங்குகின்றன. இந்த ஆசையைப் பழிப்பதற்கில்லை. சென்னையின் நெரிசலில் இரண்டு அறைக்குள் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு ஒரு முற்றம் தேவை. பெயரைக் கேட்டதும் 'வீடு இப்போதுதான் பேசி முடிந்துவிட்டது' என்று கதவை மூடும் வீட்டுக்காரர்களிடம் அலைந்து சலித்தவர்களுக்குச் சொந்த வீடு ஆடம்பரமும் அல்ல.

நம் மறுப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. மனை வாங்கப் புறப்படும் நம்மவர்கள் ஆலிம்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள்: வங்கிக் கடன் வட்டியாகுமா? தரகரிடம் இன்னொன்று: பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பாங்கு கேட்குமா? இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால் வட்டி கலக்காத பணத்தைக் கொண்டுபோய் எவருக்கும் சொந்தமாகக் கூடாத நிலத்தில் போட்டால், அந்த வீடு ஹலால் ஆகிவிடுமா என்ற மூன்றாவது கேள்வி எழுவதே இல்லை. வளைகுடாவில் உழைக்கும் கணவர் கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறார். அந்தக் காணொளி பெரும்பாலும் சித்திரை வெயிலில் எடுக்கப்பட்டது.

ஏரி என்பது இயற்கையாய் அமைந்த பள்ளம் அன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் முன்னோர் சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கம் மட்டும் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினார்கள். மேட்டுப் பக்கத்தில் கரை கிடையாது. அங்கே தண்ணீர் மழைக்கேற்ப முன்னேறும், கோடையில் பின்வாங்கும். மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்தது போக, மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஏரியைச் சேரும். ஆகவே ஏரியைப் பார்த்த மனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. கரையில்லாத பக்கத்தில், தண்ணீர் பின்வாங்கிய தரையில் கல் நட்டிருந்தால், அது ஏரியின் கரை அல்ல, ஏரியின் உள்ளேதான். கரைக்குக் கீழே இருந்தால் அது பழைய ஆயக்கட்டு வயல்; தண்ணீரை வாங்கிக் கொள்வதற்கென்றே தாழ்த்தி வைத்த பூமி. கலங்கலுக்கு எதிரே இருந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செம்பரம்பாக்கத்தை மட்டும் குறை சொல்லிப் பழகிவிட்டோம். அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடத்திற்கு மேலே இருப்பவை. அவற்றை மூழ்கடித்தது மேற்பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். தான் போகும் வழியில் வீடுகள் நின்றதால் வீடுகளுக்குள் போன தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மீண்டும் அதையே கண்டோம். 2015இல் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து எல்லாச் சமயத்தவரையும் தங்க வைத்ததை, நம் இளைஞர்கள் படகில் உணவு சுமந்து சென்றதை, பெருமையோடு நினைவுகூர்கிறோம். அல்லாஹ் அதை ஏற்றுக் கொள்வானாக. வெள்ளத்தில் தவிப்பவருக்குச் சோறு கொடுப்பது இபாதத் என்றால், அவர் வீட்டுக்கு வெள்ளத்தைத் திருப்பிவிடும் சுவரைக் கட்டாதிருப்பது என்ன?

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு நூல்களில் 'ஹரீம்' என்றொரு தனிப் பகுதி உண்டு. கிணற்றுக்கும் நதிக்கும் சுற்றிலும் விடப்பட வேண்டிய, தனியார் எவரும் உரிமையாக்கிக் கொள்ள முடியாத எல்லை அது. நைல் நதிக்கரையில் கெய்ரோவாசிகள் வீடுகளை நீட்டிக் கட்டியதைக் கண்டித்து, ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) தனியொரு சிறுநூலே எழுதினார். நதியின் ஹரீமில் கட்டப்பட்டது இடிக்கப்பட வேண்டும், அது பள்ளிவாசலாக இருந்தாலும் சரி என்று ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் எழுதினார்கள். தண்ணீர் அவ்விடத்தைவிட்டு விலகிப் போயிருந்தாலும் தடை நீங்காது என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், தண்ணீர் திரும்பி வரக்கூடும் என்பது. நதிக்குச் சொன்ன இந்தக் காரணம் ஏரிக்குப் பொருந்தாது என்று வாதிடுபவர் முடிச்சூரில் ஒரு கார்த்திகை மாதம் குடியிருந்து பார்க்கட்டும்.

'பட்டா இருக்கிறது, அனுமதி இருக்கிறது, பாவம் அரசைச் சேரும்' என்பது அடுத்த வாதம். வாதத் திறமையால் ஒருவர் தம்மிடமே சாதகமான தீர்ப்பைப் பெற்றுவிட்டாலும், சகோதரனின் உரிமையை அவர் எடுத்தால் அது நெருப்புத் துண்டுதான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், வட்டாட்சியர் அலுவலக முத்திரை எம்மாத்திரம்? நாட்டின் சட்டமும் இந்த வாதத்துக்குத் துணை நிற்பதாக எண்ண வேண்டாம். கிராமக் குளங்களையும் பொது நிலங்களையும் ஆக்கிரமித்தவர் நெடுங்காலம் குடியிருந்தார், பெருஞ்செலவில் கட்டினார் என்பதெல்லாம் அதை முறைப்படுத்தக் காரணமாகாது என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

அந்தச் சட்டம் யார்மீது விரைவாகப் பாய்கிறது என்பது வேறு கதை. 2015க்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள குடியிருப்புகள் அவ்வளவு எளிதில் அசைக்கப்படுவதில்லை. இந்த அநீதி, சுவருக்கு உள்ளே நமக்கும் ஒரு மனை வாங்கிக் கொள்ள அனுமதிச் சீட்டு ஆகாது. வாடகை மறுக்கப்படும் வேதனையும் அப்படியே. நமக்கு ஒருவர் செய்த அநியாயத்தைத் தாழ்வான தெருவில் வசிக்கும் மற்றொருவர்மீது இறக்கி வைக்க முடியாது.

ஏரிக்கு அருகே வாழ்வதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முறையான நத்தத்திலும் மேட்டு நிலத்திலும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள், அங்கே வாங்குங்கள். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். அது அடமானத்தையும் கிரயத்தையும் காட்டும், தண்ணீரைக் காட்டாது. கிராம வரைபடமும் புலப்பட நகலும் வாங்கி, உங்கள் சர்வே எண்ணின் ஓரமாக வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். 'அ' பதிவேட்டில் அந்த நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒருமுறை நேரில் போய், பக்கத்துத் தேநீர்க் கடையில் 2015இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். தரகரைவிட அவர்களுக்குப் பொய் சொல்லக் காரணம் குறைவு.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, இப்போது விற்றுவிட நினைப்பவர்களுக்கும் ஒன்று. மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டின்மேல் புதுச் சுண்ணாம்பு அடித்து, கோடையில் விளம்பரம் கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்த வியாபாரியின் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் மனைத் துண்டுப் பிரசுரங்கள் விநியோகமாகின்றன. சில இடங்களில் அறிவிப்பும் செய்யப்படுகிறது. புலப்பட நகலையும் 'அ' பதிவேட்டு நகலையும் ஜமாஅத்திடம் முதலில் காட்டாத எவருக்கும் இனி அந்த வாசல் இல்லை என்று நிர்வாகிகள் அறிவிக்கட்டும். வருகிற ஐப்பசிக்கு முன்பே அறிவிக்கட்டும்.