படிக்காதவனுக்கு எந்த வேலை?

“அண்ணே, பத்தாவதுல போயிடுச்சு. ரொம்பப் படிக்காமலே நல்ல சம்பளம் வர்ற வேல ஏதாச்சும் இருக்காண்ணே?”

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான். “மொதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் டிகிரிய முடிக்கிற வழியப் பாரு” என்று உபதேசம் பண்ணி அனுப்பிவிட்டேன். அதே வாரம், நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் மேலாளர் சொன்னார்: “கூட்டிப் பெருக்க ஆள் வேணும் சார். உங்க ஆளுங்கள்ல யாராவது இருந்தா சொல்லுங்க.” ஏ.சி. மெக்கானிக் தேவைப்பட்டபோது அவர் என்னிடம் கேட்டதில்லை.

தோழர்களே, பட்டம் கேட்காத வேலைகள் இரண்டு வகை. ஒன்றில் கூலி குறைவு, இழிவு அதிகம். அது நம்மைத் தேடி வரும். இன்னொன்றில் நல்ல கூலி, கையில் ஒரு தொழில். அதன் வாசலில் சாதி காவல் நிற்கும்.

பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நெசவாளியிடம் யாரும் பள்ளிச் சான்றிதழ் கேட்கவில்லை. கை பழகினால் போதும். ஆனாலும் தீண்டப்படாதோருக்கு அங்கே இடமில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். அவன் எச்சில் பட்ட நாடாவில் நான் வாய் வைப்பதா என்றான் சாதி இந்துத் தொழிலாளி. அவனும் தொழிலாளிதான்!

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர் இதையெல்லாம் போட்டு உடைத்தார். நம்மவர்கள் கேங்மேன்களாகவே கிடந்தார்கள். போர்ட்டர் வேலைகூட இல்லை. போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள்ளும் போய் வேலை செய்ய வேண்டுமே! பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே தொழிலாளியின் எதிரிகள் என்று அவர் சொன்னதும் அந்த மேடையில்தான்.

1942இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில் உத்தியோகங்களோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கேட்டார்.

நாற்காலி கிடைத்த நாம் அந்தப் பாதியை மறந்துவிட்டோம். நானும்தான். இடஒதுக்கீடு என்றாலே மேசை உத்தியோகம் என்று நினைக்கிறோம். பத்தாவதில் தோற்றவன் நம் கூட்டங்களில் கொடி கட்டுகிறான். அவன் பிழைப்பு பற்றி நம் தீர்மானங்களில் ஒரு வரி இல்லை. மேசைதான் உயர்ந்தது, கைவேலை மட்டம் என்பது யார் சொல்லிக்கொடுத்த பாடம்?

அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் சேர எட்டாவது போதும். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் முடித்தால் ரயிலில் உதவி லோகோ பைலட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், படிகள் தனி. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வழி இருக்கிறது. உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் அந்த இடங்களில் யார் நிற்கிறார்கள்? போய்க் கேளுங்கள். எழுதி வாங்குங்கள்.

துடைப்பம் பிடித்தவர்களுக்கு நிரந்தரமும் முழுச் சம்பளமும் கேட்டுப் போராடுவோம். அவர்கள் பிள்ளைகள் கையில் அதே துடைப்பத்தைக் கொடுக்க மாட்டோம்.

மேலாளரிடம் “ஆள் இல்ல சார்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையனைத் தேடிப் போக வேண்டும். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.